நாலு நோட்டுப் புத்தகங்களோடு ஆய்வுலகத்துக்குள் எப்படி நுழைவது?

கேள்வி: முதியோர் இல்லம் ஒன்றில் 11 வருடமாக நர்ஸாக வேலை பார்க்கிறேன். வாரம் ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்பதாவது, பத்தாவது படிக்கும் பிள்ளைகள் வந்து பெரியவர்களோடு ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போவார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் நான் கவனிப்பதை நாலு வருடமாக எழுதி வைத்து வருகிறேன். நாலு நோட்டு நிரம்பிவிட்டது. ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒரு தாத்தாவுக்கு ஒரு பையன் கைபேசியில் வீடியோ கால் போடக் கற்றுக்கொடுக்கிறான். வாராவாரம் அதே பாடம். ஆனால் அவன் இல்லாத நாளில் அவரே மகளுக்குக் கால் போட்டுப் பேசுவதை நான் பார்த்திருக்கிறேன். "உங்களுக்குத்தான் நல்லாத் தெரியுதே தாத்தா?" என்று கேட்டேன். "தெரிஞ்சுபோச்சுன்னா அவன் வேற ஆள்கிட்டப் போயிடுவானேம்மா" என்றார். இப்போது தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. சமூகவியல் படிக்கிறேன். இளையவர்களையும் முதியவர்களையும் பற்றி ஆராய்ச்சி செய்பவர்களின் கூட்டத்தில் நானும் சேர முடியுமா? அங்கே யாரையும் தெரியாது. முனைவர் பட்டம் இல்லை. இளையோர் பக்கம் போவதா, முதியோர் பக்கம் போவதா என்றும் புரியவில்லை. வயது 38 ஆகிவிட்டது. ரொம்பத் தாமதமோ?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டு தடவையும் அந்தத் தாத்தாவின் பதிலில் நின்றுவிட்டேன். 25 வருடமாக வாழ்க்கைப் பருவங்களைப் பற்றிய ஆய்வில் இருக்கிறேன். பேரப்பிள்ளை வயதில் இருப்பவர்கள் பெரியவர்களுக்குக் கருவிகளைக் கற்றுக்கொடுக்கும் காட்சி எத்தனையோ கட்டுரைகளில் வரும். தெரிந்ததைத் தெரியாததுபோல் வைத்துக்கொண்டு, ஒரு பையனுக்கு வாத்தியார் என்ற இடத்தைக் கொடுத்து, அவன் வருகையைக் கைவிட்டுப் போகாமல் பிடித்து வைத்திருக்கும் ஒருவரை இவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை. நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், அன்றைக்கே எழுதியும் வைத்திருக்கிறீர்கள். அதனால் முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன்: சேரலாம். பட்டம் குறுக்கே நிற்காது, வயது நிற்கவே நிற்காது. ஆனால் அந்த நாலு நோட்டுகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை இருக்கிறது. கேட்கக் கொஞ்சம் கசப்பாக இருக்கும். அதைக் கடைசியில் சொல்கிறேன், தயவுசெய்து அதுவரை படியுங்கள்.

எந்தப் பக்கம் போவது என்ற குழப்பம் உங்களோடு பிறந்ததில்லை, துறையிலேயே இருப்பதுதான். ஸ்டான்லி ஹால் என்ற அமெரிக்க உளவியலாளர் 1904இல் வளரிளம் பருவத்தைப் பற்றி இரண்டு தடித்த தொகுதிகள் எழுதினார். அந்தப் பருவத்தைத் தனி ஆய்வுப் பொருளாக நிறுத்தியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அதே மனிதர் தாமும் கிழவராகி, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1922இல் முதுமையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். இரண்டையும் எழுதியது ஒரே கை. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் ஆளுக்கொரு பாதையில் போய்விட்டார்கள். அமெரிக்காவில் குழந்தை வளர்ச்சி ஆய்வுக்கான சங்கம் 1933இல் தொடங்கியது. முதுமையியல் சங்கம் 1945இல். வளரிளம் பருவ ஆய்வுக்கான சங்கம் 1984இல். ஒவ்வொன்றுக்கும் தனி மாநாடு, தனி ஆய்விதழ், தனிப் பேச்சுவழக்கு. 1949இல் தொடங்கிய சர்வதேசச் சமூகவியல் சங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஆய்வுக் குழுக்களுக்கு எண் கொடுத்து வைத்திருக்கிறார்கள். முதுமைச் சமூகவியல் 11, இளையோர் சமூகவியல் 34, குழந்தைப் பருவச் சமூகவியல் 53. ஒரே வீட்டுக்குள் மூன்று அறைகள். உங்கள் தாத்தாவும் அந்தப் பையனும் 11க்கும் 34க்கும் நடுவில் இருக்கும் தாழ்வாரத்தில் உட்கார்ந்து வீடியோ கால் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

முதுமை ஆய்வாளர் ஒருவர் அந்தக் காட்சியைப் பார்த்தால் தனிமை என்பார், தற்சார்பு என்பார், தன் திறமையை ஒளித்து வைக்க வேண்டிய நிலைமை ஒரு பெரியவருக்கு ஏன் வருகிறது என்று கேட்பார். வயதை வைத்து ஆளை எடைபோடும் பாகுபாட்டுக்கு ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1969இல் ‘ஏஜிசம்’ என்று ஒரு பெயரைக் கொடுத்து எழுதினார். அந்தப் பெயர் பேச்சில் கட்டாயம் வரும். இளையோர் ஆய்வாளர் அதே காட்சியில் ஒரு 15 வயதுப் பையனைத்தான் பார்ப்பார். வீட்டில், பள்ளியில், எல்லா இடத்திலும் கேட்டுக்கொள்பவனாகவே இருக்கும் ஒருவன் வாரத்தில் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுப்பவனாக ஆகிறான். அது அவனை என்ன செய்கிறது? இரண்டு கேள்வியும் சரியான கேள்விதான். இரண்டும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து பேசியதுதான் குறைவு. அதனால் எந்தப் பக்கம் என்று கேட்டால், இந்தத் தாழ்வாரத்திலேயே இருங்கள் என்பேன். இரண்டு அறைக்கும் போய் வரப் பழகுங்கள்.

இந்தத் தாழ்வாரத்தில் நீங்கள் மட்டும் இல்லை. வாழ்க்கைப் போக்கு ஆய்வு என்று இதற்கு ஒரு மரபே இருக்கிறது. க்ளென் எல்டர் என்ற சமூகவியலாளர் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் 1920, 21இல் பிறந்த 167 பிள்ளைகளைப் பற்றி 1974இல் எழுதினார். 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் அப்பாவுக்கு வேலை போனால் மகனுடைய பிற்கால வாழ்க்கை எப்படி வளைகிறது என்பதை அவர் பின்தொடர்ந்தார். ஒருவருடைய வாழ்க்கை இன்னொருவருடையதோடு பின்னிக் கிடக்கிறது, தனியாகப் பிரித்துப் படிக்க முடியாது என்ற எண்ணம் அந்த வேலையிலிருந்து வளர்ந்தது. பிரிட்டனில் 1946 மார்ச் மாதம் ஒரே வாரத்தில் பிறந்த 5,362 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்துவருகிறது. பிரசவத்தையும் பச்சைக் குழந்தைகளையும் பற்றித்தான் அதை ஆரம்பித்தார்கள். குழந்தைகள் வளர்ந்தார்கள், வேலைக்குப் போனார்கள், தாத்தா பாட்டி ஆனார்கள். ஆய்வும் அவர்களோடு மூத்து இன்று முதுமை ஆய்வாகிவிட்டது. நியூசிலாந்தின் டனீடினில் 1972, 73இல் பிறந்த 1,037 பேரை இதேபோல் தொடர்கிறார்கள். 26, 32, 38 வயதுகளில் அவர்கள் உடம்பில் எடுத்த அளவுகளைக் கோத்து 2015இல் ஒரு கட்டுரை வந்தது. 38 வயதுக்காரர்கள்தான் எல்லோரும், உங்கள் வயது. ஆனால் உடம்பின் வயது என்று கணக்கிட்டபோது 28 முதல் 61 வரை சிதறிக் கிடந்தது. மூப்பு அறுபதில் தொடங்குவதில்லை, இளமையிலேயே வேகம் பிடித்துவிடுகிறது என்பதை அந்த எண்கள் காட்டுகின்றன. அதைப் பார்த்த பிறகு முதுமை ஆய்வாளர் இளையவர்களைக் கவனிக்காமல் இருக்க முடியாது.

பருவங்களை எங்கே வெட்டுவது என்பதே இந்தத் துறையின் மூத்த கேள்வி. ஐக்கிய நாடுகள் சபை புள்ளிவிவரத்துக்காக 15 முதல் 24 வரை இளையோர் என்கிறது. 60க்கு மேல் முதியோர் என்று கணக்கு வைக்கிறது. நம் மொழியில் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று ஏழு பருவங்கள் வைத்திருக்கிறோம். சின்ன வயதில் ஒரு மூச்சில் ஒப்பித்திருப்பீர்கள். அந்தப் பட்டியலை இப்போது நிதானமாகப் பாருங்கள். பேரிளம்பெண்ணுக்கு நாற்பது வயது. அதோடு பட்டியல் முடிகிறது. அதற்குப் பிறகு ஒரு பெண் இன்னும் நாற்பது வருடம் வாழ்கிறாளே, அந்தக் காலத்துக்கு அங்கே பெயர் இல்லை. யார் பார்வையில் இந்தப் பருவங்கள் பிரிக்கப்பட்டன என்று ஒரு கேள்வி எழுகிறது இல்லையா? அந்தக் கேள்வி எழுந்த நிமிடத்தில் நீங்கள் ஆய்வாளராகிவிட்டீர்கள்.

சரி, வாசல்கள். மானிடவியல் பக்கத்தில், 1978இல் தொடங்கிய முதுமை மானிடவியல் சங்கம் ஒன்று இருக்கிறது. பிற்பாடு அவர்களே பெயரை நீட்டி வாழ்க்கைப் போக்கையும் அதில் சேர்த்துக்கொண்டார்கள். உங்களைப் போன்றவர்களுக்கு இடம் இருக்கிறது என்பதை அந்தப் பெயரே சொல்கிறது. அவர்களுடைய ஆய்விதழான ‘ஆந்த்ரபாலஜி அண்ட் ஏஜிங்’ யாரும் பணம் கட்டாமல் படிக்கக் கூடியது. மாணவர் கட்டுரைகளுக்கு மார்கரெட் கிளார்க் என்ற முன்னோடியின் பெயரில் பரிசும் வைத்திருக்கிறார்கள். நீங்கள் தொலைநிலையில் படித்தாலும் மாணவிதான், மறந்துவிடாதீர்கள். அமெரிக்க மானிடவியல் சங்கத்துக்குள் குழந்தைகள், இளையோர் பற்றிய ஆர்வலர் குழு ஒன்று இருக்கிறது; அவர்கள் வெளியிடும் ‘நியோஸ்’ குறுங்கட்டுரைகளுக்கு இடம் தருவது. முதல் முறை எழுதுபவருக்கு நீண்ட கட்டுரையைவிட அது கைக்கு அடக்கமானது. பிரிட்டனின் முதுமையியல் கழகம் 1971இலிருந்து இருக்கிறது. புதிதாக வருபவர்களுக்கென்று அங்கே தனிக் குழு உண்டு. அமெரிக்க முதுமையியல் சங்கத்திலும் அப்படியொன்று இருக்கிறது. உங்கள் நோட்டுகளுக்கு மிக நெருக்கமானது, தலைமுறைகளுக்கு இடையிலான உறவுகளுக்கென்றே 2003இலிருந்து வரும் ‘ஜர்னல் ஆஃப் இன்டர்ஜெனரேஷனல் ரிலேஷன்ஷிப்ஸ்’. பள்ளிப் பிள்ளைகள் முதியோர் இல்லத்துக்கு வரும் ஏற்பாடுகள் அந்த இதழுக்கு அன்றாடச் சரக்கு. பழைய இதழ்களைப் புரட்டினாலே, நீங்கள் தனியாகக் கண்டுபிடித்ததாக நினைத்தவற்றில் பாதிக்கு அங்கே பெயர் இருப்பதும், மீதிப் பாதி யாரும் எழுதாமல் கிடப்பதும் தெரியும்.

எல்லாவற்றிலும் உறுப்பினராகச் சேரவேண்டாம். ஒன்றில் சேருங்கள், மாணவர் கட்டணத்தில். சர்வதேசச் சமூகவியல் சங்கம்போல் சில இடங்களில், எந்த நாட்டிலிருந்து சேர்கிறீர்கள் என்பதைப் பொறுத்தும் கட்டணம் குறையும். கேட்டுப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

ஆனால் உறுப்பினர் ஆவதால் ஆள் தெரிந்துவிடாது. இதை நான் கஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஆரம்பத்தில் ஒரு பெரிய அறிஞருக்கு நாலு பக்கத்தில் கடிதம் எழுதினேன். என் ஊக்கம், என் படிப்பு, என் எதிர்காலத் திட்டம் எல்லாம் அதில் இருந்தது. பதில் வரவில்லை. மனசு விட்டுப்போயிற்று. ஆறு மாதம் கழித்து வேறொருவருடைய கட்டுரையை மூன்று முறை படித்தேன். பாட்டிகளைப் பேட்டி எடுத்தபோது பேத்திகளும் கூடவே உட்கார்ந்திருந்தார்கள் என்று ஓரிடத்தில் போகிறபோக்கில் எழுதியிருந்தார். ஏழு வரியில் ஒரு கடிதம் போட்டேன்: பேத்தி எழுந்து போன நேரத்தில் பாட்டியின் பேச்சு மாறியதா? நாலாம் நாள் பதில் வந்தது, என் கடிதத்தைவிடப் பத்து மடங்கு நீளமாக. கட்டுரையில் சேர்க்க முடியாமல் விட்டதையெல்லாம் அவர் அதில் எழுதியிருந்தார். தன் வேலையை ஒருவர் உன்னிப்பாகப் படித்திருக்கிறார் என்பதைவிட ஓர் ஆய்வாளருக்குச் சந்தோஷம் தருவது வேறில்லை. நீங்களும் அப்படி ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். உலகப் புகழ் பெற்றவராக இருக்க வேண்டியதில்லை. முனைவர் பட்டம் வாங்கி நாலைந்து வருடம் ஆனவராக இருந்தால் இன்னும் நல்லது. அவருக்கும் பேச ஆள் வேண்டியிருக்கும். அவர் எழுதியதில் உங்கள் பதினோரு வருட அனுபவம் எங்கே ஒத்துப்போகிறது, எங்கே இடிக்கிறது என்று பாருங்கள். இடிக்கிற இடத்தைப் பற்றிக் கேளுங்கள்.

அடுத்தது மாநாடு. கட்டுரைக்கு அழைப்பு வரும்போது 250 வார்த்தையளவில் ஒரு சுருக்கம் கேட்பார்கள். "இன்றைய வேகமான உலகில் தலைமுறை இடைவெளி அதிகரித்துவருகிறது" என்று ஆரம்பிக்கும் சுருக்கங்களை நூற்றுக்கணக்கில் படித்திருக்கிறேன். அதற்கு மேல் கண் போகாது. உங்கள் முதல் வாக்கியம் இப்படி இருந்தால் என்ன: "முதியோர் இல்லம் ஒன்றில், தனக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றை ஒரு பெரியவர் ஒரு பள்ளி மாணவனிடம் வாராவாரம் கற்றுக்கொள்கிறார்." அடுத்த வாக்கியத்தில், கற்றல் கற்பித்தல் என்று நாம் பதிவு செய்வது உண்மையில் உறவைத் தக்கவைக்கும் வழியாக இருக்கக்கூடும் என்று சொல்லுங்கள். எத்தனை நாள், எத்தனை பேரைக் கவனித்தீர்கள், எப்படி எழுதினீர்கள் என்பதை மூன்றாவதில் சொல்லுங்கள். உங்களுக்கு எது பிடிபடவில்லை என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். கட்டுரை வாசிக்கத் தயக்கமாக இருந்தால் முதல் வருடம் போஸ்டர் போடுங்கள், அதாவது ஆய்வை ஒரு பெரிய தாளில் சுருக்கி மாட்டி வையுங்கள். போஸ்டர் முன்னால் நின்று ஆளோடு ஆளாகப் பேசுவது, மேடையில் பதினைந்து நிமிடம் பேசுவதைவிடப் பல சமயம் அதிக நட்பைத் தரும்.

மாநாட்டில் எல்லோரும் முண்டியடிக்கும் பெரிய உரைகளுக்குப் போகாவிட்டாலும் பரவாயில்லை. குழுவின் நிர்வாகக் கூட்டம் என்று நிகழ்ச்சி நிரலில் ஓரமாகப் போட்டிருப்பார்கள். அதற்குப் போங்கள். பத்துப் பதினைந்து பேர்தான் இருப்பார்கள். அடுத்த வருட அமர்வை யார் ஒருங்கிணைப்பது, மாணவர் பரிசுக் குழுவில் யார் உட்காருவது என்று ஆள் தேடிக்கொண்டிருப்பார்கள். சின்ன வேலை ஒன்றை எடுத்துச் சொன்ன தேதிக்குள் முடித்துக் கொடுங்கள். புத்தக மதிப்புரை எழுத ஆள் வேண்டும் என்று இதழாசிரியர்கள் கேட்டால் கை தூக்குங்கள். இந்தக் கூட்டத்தில் எனக்குக் கிடைத்த நெருங்கிய நண்பர்கள் எல்லோரும் நான் ஏதோ ஒரு வேலையைத் தோளில் வாங்கிக்கொண்டபோது கூட நின்றவர்கள்தான்.

இங்கே ஒரு விஷயத்தில் நீங்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் ஓர் ஆய்வாளர் ஒரு முதியோர் இல்லத்துக்குள் நம்பிக்கை சம்பாதிக்க ஒரு வருடம், இரண்டு வருடம் ஆகும். உங்களுக்கு அது ஏற்கெனவே இருக்கிறது. பெரியவர்கள் உங்களை "அம்மா" என்று கூப்பிடுகிறார்கள், பிள்ளைகளுக்கு உங்கள் முகம் பழக்கம். இது தெரிந்ததும் சிலர் உங்களைக் கதவைத் திறந்துவிடும் ஆளாக மட்டும் பயன்படுத்தப் பார்ப்பார்கள். பேட்டிக்கு ஆள் பிடித்துத் தரச் சொல்வார்கள், நோட்டுகளின் நகலைக் கேட்பார்கள். கட்டுரை வரும்போது கடைசிப் பக்கத்தில் நன்றிகள் பகுதியில் உங்கள் பெயர் இருக்கும், அதுவும் இருந்தால். கெட்ட எண்ணத்தோடு செய்கிறார்கள் என்று சொல்லவில்லை. நர்ஸ் தகவல் தருவார், பேராசிரியர் சிந்திப்பார் என்ற பழக்கம் அப்படி ஊறிக் கிடக்கிறது. கூட்டாக வேலை செய்ய யாராவது அழைத்தால் முதல் வாரத்திலேயே கேளுங்கள்: கட்டுரையில் என் பெயர் ஆசிரியர்கள் வரிசையில் வருமா? எழுதுவதில் எனக்கு எந்தப் பகுதி? கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. நல்லவர்கள் நீங்கள் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவார்கள்.

இன்னொரு பொறி. உங்கள் பெயரும் மின்னஞ்சலும் எங்காவது ஒரு கட்டுரையில் வெளியானதும் அழைப்புகள் குவியத் தொடங்கும். "மதிப்பிற்குரிய டாக்டர்" என்று ஆரம்பிக்கும், நீங்கள் டாக்டராக இல்லாவிட்டாலும். உங்களைச் சிறப்புப் பேச்சாளராக அழைக்கிறோம், கட்டுரையை ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம், கட்டணம் மட்டும் இவ்வளவு என்று வரும். நானும் ஒருமுறை அப்படி ஏமாந்து பணம் கட்டி, பயணம் பண்ணி, ஒரு ஹோட்டல் அறைக்குப் போய்ச் சேர்ந்தேன். ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு முன்னால் பேசியவர் மண் வளத்தைப் பற்றிப் பேசினார், பின்னால் பேசியவர் பல் மருத்துவத்தைப் பற்றி. திரும்பி வந்து யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். அந்த வெட்கத்தால் என் மாணவர்களில் ஒருவர் அடுத்த வருடம் அதே ஏற்பாட்டாளர்களிடம் பணம் கட்டிவிட்டார். அதனால்தான் இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன். யாரும் பணம் கட்டாமல் படிக்கக் கூடிய திறந்த அணுக்க இதழ்களுக்கு 2003இலிருந்து டோஜ் (DOAJ) என்று ஒரு பட்டியல் இருக்கிறது. இதழின் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆசிரியர் குழுவில் இருப்பவர்களில் ஒருவரையாவது நீங்கள் படித்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம் என்று யார் சொன்னாலும் கட்டுரையை யாரும் படிக்கப்போவதில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையான மதிப்பீட்டுக்கு மாதக்கணக்கில் ஆகும்.

இப்போது நோட்டுகளுக்கு வருகிறேன்.

நாலு வருடம் நீங்கள் எழுதியது நர்ஸாக இருந்துகொண்டு, உங்களுக்காக. அந்தப் பெரியவர்களுக்கோ பிள்ளைகளுக்கோ தாங்கள் ஆய்வுக்காகக் கவனிக்கப்படுகிறோம் என்று தெரியாது. அதனால் அந்த நோட்டுகளை அப்படியே எடுத்து ஆய்வுத் தரவு என்று வெளியிட முடியாது. வெளியிடவும் கூடாது. இதைப் படிக்கும்போது உங்களுக்கு எப்படி இருக்கும் என்று தெரியும். ஆனால் இந்த இரண்டு துறையிலும் மிகக் கறாராக இருக்க வேண்டிய இடம் இது, ஏனென்றால் நாம் எழுதுகிறவர்களில் ஒரு பக்கத்தினர் சட்டப்படி தாமாக ஒப்புதல் தர முடியாத வயதில் இருக்கிறார்கள், இன்னொரு பக்கத்தில் சிலர் மறதி நோயால் ஒப்புதல் தரும் திறனை மெல்ல மெல்ல இழந்துகொண்டிருக்கிறார்கள்.

பையனுடைய விஷயத்தில் பெற்றோரின் ஒப்புதலும் வேண்டும், அவனுடைய சொந்தச் சம்மதமும் வேண்டும். பெற்றோர் கையெழுத்துப் போட்டுவிட்டதால் அவன் பேசியாக வேண்டும் என்று கிடையாது. 1989இல் வந்த குழந்தை உரிமைகளுக்கான உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் தன் கருத்தைச் சொல்லவும் அது மதிக்கப்படவும் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது. குழந்தைகளோடு வேலை செய்யும் ஆய்வாளர்கள் அதைத் தலைமாட்டில் வைத்திருக்கிறார்கள். பெரியவர்கள் விஷயத்தில், ஒருமுறை வாங்கிய ஒப்புதலை வருடம் முழுக்க ஓட்ட முடியாது. ஒவ்வொரு முறையும் உட்காரும்போது கேட்கவேண்டும், முகம் சுளித்தால் அன்றைக்கு நோட்டை மூடிவிட வேண்டும். நர்ஸ் கேட்டால் அவர்கள் மறுக்கத் தயங்குவார்கள் என்பதும் உண்மை. மாத்திரை தருகிற கை கேட்கிறதல்லவா! அதனால் ஒப்புதல் வாங்கும் வேலையை மட்டுமாவது அங்கே பணியில் இல்லாத ஒருவர் செய்யும்படி பாருங்கள். பெயரை மாற்றிவிட்டால் போதும் என்றும் நினைக்காதீர்கள். சின்ன இல்லத்தில், "மகள் தூரத்தில் இருக்கும், வீடியோ கால் கற்றுக்கொள்ளும் பெரியவர்" என்றாலே எல்லோருக்கும் ஆள் தெரிந்துவிடும்.

உங்கள் எம்.ஏ. படிப்பில் ஆய்வேடு இருக்கும். அதற்கான வழிகாட்டியிடம் போய் நோட்டுகளைப் பற்றி மறைக்காமல் சொல்லி, பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழுவுக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று கேளுங்கள். இல்லத்தின் நிர்வாகத்திடமும் பள்ளியிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அனுமதி வந்த நாளிலிருந்து ஐந்தாவது நோட்டைத் தொடங்குங்கள். பழைய நாலையும் குழு என்ன சொல்கிறதோ அதன்படி வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் உள்ளவர்களிடம் பின்னோக்கி ஒப்புதல் வாங்கச் சில குழுக்கள் வழி சொல்லும். சில குழுக்கள் தொடக்கூடாது என்று சொல்லிவிடும். தொடக்கூடாது என்றாலும் அந்த நாலு வருடம் வீணாகாது. எங்கே பார்க்கவேண்டும் என்பதை உங்கள் கண்ணுக்குக் கற்றுக்கொடுத்தவை அந்த நோட்டுகள். ஐந்தாவது நோட்டின் முதல் பக்கத்திலேயே அது தெரியும். நீங்கள் எனக்கு எழுதியதை இங்கே வெளியிடும்போதும் ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை உங்கள் சம்மதத்தோடு மாற்றியிருக்கிறேன்.

தாமதமோ என்று கேட்டிருந்தீர்கள். வாழ்க்கைப் பருவங்களைப் படிக்கிறவர்கள் மத்தியிலேயே, இந்த வயதுக்குள் இது முடிந்திருக்க வேண்டும் என்ற கணக்கு உட்கார்ந்திருப்பது எனக்கு எப்போதும் வருத்தம்தான். சில பரிசுகளுக்கும் உதவித்தொகைகளுக்கும் வயது வரம்பு வைத்திருப்பார்கள். பெரும்பாலும் பட்டம் முடித்த வருடத்தைத்தான் பார்ப்பார்கள், பிறந்த வருடத்தை இல்லை. அந்தக் கணக்கில் நீங்கள் இன்னும் தொடங்கவே இல்லை. வேலை, ஷிஃப்ட், படிப்பு எல்லாவற்றுக்கும் நடுவில் இதற்கு வாரம் மூன்று மணி நேரம் ஒதுக்க முடிந்தால் போதும். ஒரு மணி படிக்க, இரண்டு மணி எழுத.

இன்னொன்று கேட்கலாமா? உங்கள் கடிதத்தைத் திரும்பப் படித்தபோது ஒன்று உறைத்தது. தாத்தா என்ன சொன்னார் என்று நீங்கள் வார்த்தைக்கு வார்த்தை எழுதியிருக்கிறீர்கள். பையன் சொன்னதாக ஒரு வார்த்தையும் இல்லை. நீங்கள் முதியோரைக் கவனிக்கும் நர்ஸ். உங்கள் காது அந்தப் பக்கம் திரும்பியிருப்பது இயல்பு. இளையோர் ஆய்வாளர்களோடு நீங்கள் பழகவேண்டும் என்று நான் சொல்வதற்கு முக்கியக் காரணமும் இதுதான். அவர்கள் முதலில் கேட்பது அவனைப் பற்றித்தான். 15 வயதுப் பையன், வாராவாரம் அதே மூன்று பட்டன்களை அதே ஆளுக்குக் காட்டுகிறான். சலிக்காமல் வருகிறான். அவருக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரிந்திருக்குமோ? எல்லா அனுமதியும் வந்த பிறகு, அவனுடைய சம்மதமும் கிடைத்த பிறகு, ஐந்தாவது நோட்டோடு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து கேளுங்கள்.